ஜப்பானிய நடுவயதினரின் வைட்டமின் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானியர் உணவு என்றாலே மீன், கடற்பாசி, பச்சைத் தேநீர், நீண்ட ஆயுள் என்று ஒரு படம் நம் எல்லோர் மனதிலும் இருக்கிறது. அவர்களுக்கும் வைட்டமின் பற்றாக்குறை உண்டு என்று சொன்னால் யாரும் சட்டென்று நம்புவதில்லை. சத்துணவியல் படிக்கும் மாணவர்களும், ஜப்பானில் வேலை பார்க்கும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்டதை, அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருப்பதற்கு இது மேல்.

சாப்பிடுற அளவும் ரத்தத்துல இருக்கிற அளவும் ஒண்ணுதானே? ஏன் ரெண்டையும் தனித்தனியா அளக்கணும்?

ஒன்றில்லை. சாப்பிட்டது குடலில் உறிஞ்சப்பட வேண்டும். அதில் ஒரு பங்கைக் கல்லீரலோ கொழுப்புத் திசுவோ எடுத்து வைத்துக்கொள்ளும். சிலது அன்றே சிறுநீரில் போய்விடும். புகை, மது, மாத்திரை, மரபணு எல்லாம் நடுவில் புகுந்து கணக்கை மாற்றும்.

இன்னொன்று, எல்லா வைட்டமினும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சி-யைக் கூடுதலாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் ஏறும், ஓர் அளவோடு நின்றுவிடும். ஏ-யை எவ்வளவு சாப்பிட்டாலும் ரத்தத்தில் பெரிதாகத் தெரியாது. டி-யில் பாதிக் கதை வெயிலில் நடக்கிறது. அதனால் "ஜப்பானியருக்கு வைட்டமின் போதுமா?" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த வைட்டமின் என்று கேட்டால்தான் உண்டு.

ஒரு நாட்டு மக்கள் என்ன சாப்பிடுறாங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? சும்மா கேட்டு எழுதிக்கிறதா?

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அரசு நடத்தும் தேசிய உடல்நல, சத்துணவுக் கணக்கெடுப்பு. போருக்குப் பிந்தைய பஞ்சத்தில், 1945-இல் டோக்கியோவில் தொடங்கியது. ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கும்; கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டும் நடக்கவில்லை. தேர்ந்தெடுத்த வீடுகளில் ஒரு நாள் சமைத்ததையெல்லாம் எடை போட்டு எழுதி, அதில் யார் எவ்வளவு பங்கு சாப்பிட்டார்கள் என்றும் குறிக்கிறார்கள். "மிசோ சூப், ஒரு கிண்ணம்" என்று எழுதிவிட்டால் போதாது. உள்ளே போட்ட டோஃபு எத்தனை கிராம், கீரை எத்தனை கிராம், அப்பா குடித்தது எத்தனை பங்கு என்று கேட்பார்கள்.

இன்னொன்று, ஆயிரக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வு. இவற்றில் பெரியது, தேசியப் புற்றுநோய் மையம் 1990-இல் தொடங்கிய பொதுச் சுகாதார மையத் தொடர் ஆய்வு. இவாத்தேயின் நினோஹே முதல் ஒகினாவாவின் மியாகோ வரை 11 சுகாதார மையப் பகுதிகளில், 40 வயது தாண்டிய சுமார் 1,40,000 பேர். அங்கே எடை போடுவதெல்லாம் நடக்காது. 138 உணவுகள் கொண்ட ஒரு கேள்வித்தாளில் "வாரத்தில் எத்தனை முறை?" என்று டிக் அடிக்கச் சொல்வார்கள். அந்தக் கேள்வித்தாளை நம்பலாமா என்று பார்க்க, ஒரு சிறு குழுவை மட்டும் நான்கு பருவங்களிலும் ஏழேழு நாள், ஆக 28 நாள், எடை போட்டு எழுத வைத்து ஒப்பிட்டார்கள். அதை எழுதியவர்களின் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கும்.

ஏன் நடுவயசுக்காரங்களையே பிடிச்சு ஆராய்ச்சி பண்றாங்க?

பக்கவாதம், எலும்பு மெலிவு, புற்றுநோய் எல்லாம் தலைகாட்டத் தொடங்கும் வயது 40 முதல் 60. இருபது வயதுக்காரரைப் பின்தொடர்ந்தால் விடை தெரிய அரை நூற்றாண்டு ஆகும். எழுபது வயதில் தொடங்கினால் நோய் ஏற்கெனவே வந்திருக்கும்.

ஜப்பானில் இந்த வயதினர் தட்டும் மாறியிருக்கிறது. காய்கறிக்கு அரசு வைத்த இலக்கு நாளொன்றுக்கு 350 கிராம். 2019 கணக்கெடுப்பில் பெரியவர்களின் சராசரி 280 கிராம்தான், அதிலும் அறுபது தாண்டியவர்கள்தான் சராசரியைத் தூக்கி நிறுத்துகிறார்கள். மாதவிடாய் நிற்பதும் இதே வயதில் என்பதால் பெண்களின் எலும்புக்கு டி-யும் கே-யும் இந்தக் கட்டத்தில் முக்கியம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேணும்னு அவங்க கணக்கு என்ன?

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சுகாதார அமைச்சகம் புதுப்பிக்கும் பட்டியல் இருக்கிறது. நடுவயதினருக்குச் சில எண்கள்: சி 100 மில்லிகிராம், ஏ ஆணுக்கு 900, பெண்ணுக்கு 700 மைக்ரோகிராம், பி வகையைச் சேர்ந்த ஃபோலேட் 240 மைக்ரோகிராம், கே 150 மைக்ரோகிராம். டி 2020 பதிப்பில் 8.5 மைக்ரோகிராமாக இருந்தது, 2025 பதிப்பில் 9 ஆக்கினார்கள்.

அமெரிக்கப் பட்டியலில் டி-க்கு 15 என்று இருக்கும். ஜப்பானின் எண் குறைவாக இருப்பதற்குக் காரணம், கொஞ்சம் வெயிலும் படும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. வெயிலே படாமல் வாழ்கிறவருக்கு 9 மைக்ரோகிராம் போதும் என்று யாரும் சொல்லவில்லை. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த நிபந்தனையை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

தினமும் மீன் சாப்பிடுறவங்களுக்கு எப்படி சார் வைட்டமின் டி குறையும்? இது நம்புற மாதிரியே இல்லையே!

முதலில், "தினமும் மீன்" பழைய கதை. ஆளுக்கு ஆண்டுக்கு 40.2 கிலோ என்று 2001-இல் உச்சத்தில் இருந்த மீன் நுகர்வு, 2022-இல் 22 கிலோ அளவுக்கு இறங்கிவிட்டது. 2011 வாக்கில் இறைச்சி மீனை முந்திவிட்டது. மீனைச் சுத்தம் செய்யவும், வறுக்கும் வாடையைப் பொறுக்கவும், வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு நேரமில்லை. நம் ஊரிலும் கேட்டுப் பழகிய காரணம்தான்.

ஜப்பான் மருத்துவச் சங்கங்கள் வகுத்த அளவுகோல்படி ரத்தத்தில் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி (உடலில் டி-யின் இருப்பைக் காட்டும் வடிவம்) மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்கு மேல் இருந்தால் போதுமானது, 20-30 பற்றாக்குறை, 20-க்குக் கீழே குறைபாடு. டோக்கியோவின் ஜிகேய் மருத்துவப் பல்கலைக்கழகம், 2019-20-இல் உடல்நலப் பரிசோதனைக்கு வந்த நலமான 5,518 பேரின் ரத்தத்தை அளந்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில் 98 சதவீதம் பேர் 30-க்குக் கீழே இருந்தார்கள். இவர்கள் நோயாளிகள் அல்ல, வழக்கமான செக்கப்புக்கு வந்தவர்கள்.

இன்னொரு சிக்கல் சராசரியில் ஒளிந்திருக்கிறது. டி உணவில் சமமாகப் பரவி இருப்பதில்லை. சால்மன் சாப்பிட்ட நாளில் 25 மைக்ரோகிராம் வரும், பன்றிக் கட்லெட் சாப்பிட்ட நாளில் 1-2 வந்தாலே அதிகம். தேசியக் கணக்கெடுப்பின் சராசரி 7 மைக்ரோகிராமை ஒட்டி வருவது, அன்று மீன் சாப்பிட்ட சிலர் தூக்கிவிடுவதால்தான். வரிசையில் நடுவில் நிற்பவர் அந்தச் சராசரிக்கு வெகுகீழே இருப்பார்.

98 சதவீதம் பேருக்குக் குறைச்சல்னா, அளவுகோல்தானே தப்பா இருக்கணும்?

நல்ல கேள்வி. ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே இந்தச் சண்டை இருக்கிறது. 30 என்ற கோடு, அதற்குக் கீழே போகப்போக, எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கும் பாராதைராய்டு சுரப்பு ஏறத் தொடங்குவதை வைத்துப் போட்டது. அமெரிக்க மருத்துவக் கழகம் 2011-இல், எலும்புக்கு 20 இருந்தாலே பெரும்பாலானவர்களுக்குப் போதும் என்றது. கோட்டை 20-க்கு இறக்கினால் "குறை" என்று பெயர் வாங்குகிறவர்கள் எண்ணிக்கை கணிசமாகக் குறையும். ஆனாலும் டோக்கியோவில் பெருந்தொகையினர் அந்தக் கோட்டுக்கும் கீழேதான் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டி இவ்வளவு குறைவாக இருந்தும் ஜப்பானியருக்கு இடுப்பெலும்பு முறிவு வட ஐரோப்பியரைவிடக் குறைவு. உடலமைப்பு, இடுப்பெலும்பின் வடிவம், தரையில் உட்கார்ந்து எழும் பழக்கம் என்று பல காரணம் சொல்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், 98 என்ற எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், "எல்லாருக்கும் இப்படித்தான்" என்று தள்ளிவிடவும் வேண்டாம். 12 இருக்கிறவரையும் 28 இருக்கிறவரையும் ஒரே மூட்டையில் கட்டுவதுதான் தவறு.

வெயில்ல எவ்வளவு நேரம் நின்னா போதும்?

எந்த ஊர், எந்த மாதம் என்பதைப் பொறுத்தது. சுகுபாவில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் 2013-இல் கணக்கிட்டுச் சொன்னது: முகமும் இரு கைகளும் வெயிலில் பட, 5.5 மைக்ரோகிராம் டி உண்டாக டிசம்பர் நண்பகலில் ஒகினாவாவின் நாஹாவில் 8 நிமிடம், சுகுபாவில் 22 நிமிடம், வடக்கே சப்போரோவில் 76 நிமிடம். ஜூலை நண்பகலில் மூன்று ஊரிலும் ஐந்து நிமிடத்துக்குள்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஜூலை நண்பகலில் டோக்கியோ தெருவில் நடுவயதுப் பெண்களைப் பாருங்கள்: குடை, முழங்கைக்கு மேல்வரை கையுறை, அகன்ற தொப்பி, அதற்கு உள்ளே சன்ஸ்கிரீன். ஆண்கள் காலை ரயிலேறி, நிலத்தடி நிலையத்திலிருந்தே நேராக அலுவலகக் கட்டடத்துக்குள் போய்விடுகிறார்கள். ஐந்து நிமிடம்கூட மேலே படுவதில்லை. டிசம்பரில் சப்போரோவில் 76 நிமிடம் கையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்க யாராலும் முடியாது.

அப்போ எந்த மீன், எவ்வளவு? காளான் சாப்பிட்டா ஆகாதா?

எண்ணெய்ச் சத்துள்ள மீன். 80 கிராம் சால்மன் துண்டு ஒன்றில் சுமார் 25 மைக்ரோகிராம். மத்தி வகை இவாஷியும் அதே தரம், இலையுதிர் காலத்துச் சான்மா அதில் ஏறக்குறைய பாதி. இறாலிலும் கணவாயிலும் அநேகமாக ஒன்றும் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படி ஒரு துண்டு வந்தால் வாரச் சராசரி 9-ஐத் தொட்டுவிடும்.

காளானில் இருப்பது டி2 என்ற வகை; மீனில் இருப்பதும் வெயிலில் உண்டாவதும் டி3. உலர்ந்த ஷீடாகேயிலும், மரக்காளான் கிகுராகேயிலும் உணவுப் பட்டியலில் பார்த்தால் நல்ல அளவு இருக்கிறது. ஆனால் உலர்ந்த நிலையில் 100 கிராமுக்கான எண் அது. ஒரு வேளைக்கு நாம் போடுவது 2-3 கிராம். மேலே சொன்ன ஜிகேய் ஆய்வில் காளான் வழி வரும் டி2 ஏறக்குறைய யார் ரத்தத்திலும் தென்படவில்லை.

டி அதிகமா இருந்தா புற்றுநோய் வராதுன்னு போட்டிருந்தாங்களே, உண்மையா?

செய்திக்கு அடிப்படை உண்மை, தலைப்பு மிகை. இரண்டாம் பதிலில் சொன்ன தொடர் ஆய்வில் 1990-களின் தொடக்கத்தில் எடுத்த ரத்தத்தை உறையவைத்திருந்தார்கள். 33,736 பேரைப் பின்தொடர்ந்து, புற்றுநோய் வந்த 3,301 பேரின் மாதிரியையும் ஒப்பீட்டுக்குத் தேர்ந்த 4,044 பேரின் மாதிரியையும் அளந்து 2018-இல் வெளியிட்டார்கள். டி மிகக் குறைவான கால்வாசிப் பேரைவிட மற்ற மூன்று பிரிவினருக்கும் 19 முதல் 25 சதவீதம் அபாயம் குறைவு. ஆனால் நடுப் பிரிவுக்கும் உச்சப் பிரிவுக்கும் பெரிய வேறுபாடில்லை. அடிமட்டத்திலிருந்து மேலே வருவதில்தான் பலன் தெரிகிறது, அதற்குமேல் ஏற்றிக்கொண்டே போவதில் அல்ல.

இது பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு. டி நிறைய இருப்பவர் வெளியே நடமாடுகிறவராகவும் மீன் சாப்பிடுகிறவராகவும் இருப்பார். எது காரணம் என்று பிரிப்பது கடினம். செரிமானப் பாதைப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 417 ஜப்பானியருக்கு டி மாத்திரையும் வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்த சோதனை 2019-இல் வந்தது. நோய் திரும்பாமல் இருப்பதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் கிடைக்கவில்லை.

வைட்டமின் சி மாத்திரை 1,000 மில்லிகிராம் போடுறேன். ரத்தத்துல பத்து மடங்கு ஏறியிருக்குமா?

ஏறியிருக்காது. நாளுக்கு 200 மில்லிகிராம் தாண்டினாலே ரத்த அளவு லிட்டருக்கு 70 மைக்ரோமோல் பக்கம் தட்டையாகிவிடும். மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளும். ஜப்பானியப் பட்டியலின் 100 மில்லிகிராமே, ரத்தத்தில் 50 மைக்ரோமோல் நிற்க வேண்டும் என்று கணக்கிட்டு வந்ததுதான். சி இல்லாமல் ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வராமல் இருக்க இதில் ஒரு சிறு பங்கு போதும்.

இந்த 50 மைக்ரோமோல் இதயத்தையும் ரத்தக் குழாயையும் நினைத்து வைத்தது. இதற்கு வலுச் சேர்த்த ஆய்வுகளில் நீகாட்டா மாகாணத்து ஷிபாடா ஆய்வு எனக்குப் பிடித்தது. 1977-இல் அந்தக் கிராமப் பகுதியில் 40 வயது தாண்டிய 880 ஆண்கள், 1,241 பெண்களின் ரத்தத்தில் சி-யை அளந்து, 20 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். 196 பேருக்குப் பக்கவாதம் வந்தது. ரத்தத்தில் சி கூடுதலாக இருந்தவர்களுக்குப் பக்கவாதம் குறைவு. இதை வைத்து "சி மாத்திரை பக்கவாதத்தைத் தடுக்கும்" என்று சொல்லிவிட முடியாது. ரத்தத்தில் சி கூடியிருப்பது நிறையக் காயும் பழமும் சாப்பிடுவதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

நான் எங்க வீட்டுக்காரர் சாப்பிடுறதையேதான் சாப்பிடுறேன். எனக்கு சி நல்லா இருக்கு, அவருக்குக் குறைவு. எப்படி?

சிகரெட் பிடிப்பாரா என்று முதலில் பாருங்கள். புகையால் உண்டாகும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் சி-யை வேகமாகச் செலவழிக்கும். அதனால் அதே தட்டில் சாப்பிட்டாலும் புகைப்பவரின் ரத்தத்தில் சி குறைவாக இருக்கும். ஜப்பானில் 2019-இல் ஆண்களில் 27.1 சதவீதம் பேர் புகைத்தார்கள், நடுவயதில் அது இன்னும் கூடுதல். பெண்களுக்கு ரத்த சி சற்று உயர்ந்தே இருப்பதற்கு இதுவும் உடல் எடையும் காரணம்.

மாதிரி எடுத்த விதத்திலும் கோளாறு வரலாம். சி காற்றிலும் வெப்பத்திலும் அழியும். ரத்தம் எடுத்ததும் குளிரவைத்து, அமிலம் சேர்த்துப் பதப்படுத்தாவிட்டால் ஆய்வகத்துக்குப் போவதற்குள் பாதி காணாமல் போய்விடும். டி அப்படியில்லை, ஆண்டுக்கணக்கில் உறைநிலையில் தாங்கும்.

கீரை நிறையச் சாப்பிட்டா போதும்னு சொல்றாங்க. ஆனா டெஸ்ட்ல ஏறலையே?

எந்த மாதத்துக் கீரை? ஜப்பானிய உணவுப் பட்டியலிலேயே பசலைக்கு இரண்டு வரி உண்டு: கோடையில் பறித்தது 100 கிராமுக்கு 20 மில்லிகிராம் சி, குளிர்காலத்தில் பறித்தது 60. ஒரே கீரை, ஒரே எடை, மூன்று மடங்கு வித்தியாசம். வேகவைத்துப் பிழிந்தால் அதிலும் பாதி போகும். "வாரத்தில் எத்தனை முறை பசலை?" என்ற கேள்வித்தாளுக்கு இதெல்லாம் தெரியாது. சாப்பிட்ட கணக்குக்கும் ரத்த அளவுக்கும் உள்ள ஒட்டுறவு ஆய்வுகளில் தளர்வாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேசியக் கணக்கெடுப்பு நவம்பரில் என்றேனே. மிகான் ஆரஞ்சும் சீமைப் பனிச்சையும் கடைத்தெருவை நிறைக்கும் மாதம் அது. அந்த மாதத்துச் சி-யை ஆண்டு முழுவதற்கும் எடுத்துக்கொள்ள முடியாது.

மிகான் சாப்பிட்டு உள்ளங்கை மஞ்சளாயிடுச்சு. மஞ்சள் காமாலையா?

கண்ணின் வெண்பகுதி வெள்ளையாகவே இருந்தால் காமாலை அல்ல, மிகானின் நிறமி தோலில் தங்கியது. சாப்பிடுவதைக் குறைத்தால் போய்விடும். அந்த நிறமியில் முக்கியமானது பீட்டா-கிரிப்டோசாந்தின். உடலில் வைட்டமின் ஏ ஆகக்கூடியது.

சாப்பிட்டது ரத்தத்தில் அப்படியே தெரியும் அபூர்வமான பொருள் இது. ஷிஸுவோகா மாகாணத்தில் மிகானுக்குப் பேர்போன மிக்காபியில் 2003 முதல் ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பின்தொடர்ந்தார்கள். ரத்தத்தில் கிரிப்டோசாந்தின் அதிகம் இருந்த, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிவு குறைவாக வந்தது. 2015-இல் புதிய லேபிள் சட்டம் வந்தபோது, "எலும்பு நலத்துக்கு உதவும்" என்று பெட்டியில் அச்சிட்டு விற்க முதலில் பதிவு பெற்ற பச்சை விளைபொருள்களில் மிக்காபி மிகானும் ஒன்று.

வைட்டமின் ஏ டெஸ்ட் எடுத்தேன், நார்மல். அப்போ நான் போதுமான அளவு சாப்பிடுறேன்னு அர்த்தமா?

அப்படிச் சொல்ல முடியாது. கல்லீரல் இங்கே நெற்குதிர் மாதிரி: வந்ததைக் கொட்டி வைத்து, தினமும் ஒரே படியால் அளந்து ரத்தத்தில் விடும். குதிர் அடிதட்டும்வரை வெளியே குறை தெரியாது. நிரம்பி வழிந்தாலும் உடனே தெரியாது.

அதனால் ஏ-யில் சாப்பிடும் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். பற்றாக்குறை போலவே மிகையும் எளிதில் வரலாம். கோழி ஈரல் 100 கிராமில் 14,000 மைக்ரோகிராம். மாலை வேலை முடிந்து பீருடன் சாப்பிடும் ஈரல் யாகிடோரிக் குச்சி ஒன்று 30-40 கிராம். ஒரு நாளுக்கான மேல்வரம்பு 2,700 மைக்ரோகிராமை அது ஒன்றே தாண்டிவிடும். என்றோ ஒருநாள் சாப்பிட்டால் ஒன்றுமில்லை, வரம்பு என்பது வழக்கமாகச் சாப்பிடும் அளவுக்குத்தான். தினமும் இரண்டு குச்சி என்றால் யோசிக்க வேண்டும்.

நாட்டோவைப் பத்தி ஏன் இவ்வளவு பேச்சு? நாறுதே சார்!

நாறத்தான் செய்யும். வேகவைத்த சோயாவை நுரைத்து நூல்விடும்படி புளிக்கவைப்பது அது. அப்படிப் புளிக்கவைக்கும் பாக்டீரியா உண்டாக்கும் மெனாகுவினோன்-7 என்ற வைட்டமின் கே வகை வேறு எந்த உணவிலும் அந்த அளவு கிடையாது. 40-50 கிராம் பெட்டி ஒன்றிலேயே நாளின் 150 மைக்ரோகிராம் தாண்டிவிடும்.

டோக்கியோ உள்ளிட்ட கிழக்குப் பகுதியினர் விரும்பிச் சாப்பிடுவார்கள், மேற்கே பலர் முகம் சுளிப்பார்கள். அது ரத்தத்திலேயே தெரிகிறது. 2001-இல் வந்த ஒப்பீட்டில் மாதவிடாய் நின்ற பெண்களின் மெனாகுவினோன்-7 டோக்கியோவில் மில்லிலிட்டருக்கு 5.26 நானோகிராம், ஹிரோஷிமாவில் 1.22, பிரிட்டனில் 0.37. நாட்டோ அதிகம் சாப்பிடும் மாகாணங்களில் பெண்களுக்கு இடுப்பெலும்பு முறிவு குறைவு என்றும் கண்டார்கள். இது மாகாணங்களை ஒப்பிட்டது, ஆள்களை அல்ல என்பதை மறக்க வேண்டாம்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாட்டோவைத் தொடவே கூடாது. ஒரு பெட்டி சாப்பிட்டாலும் மருந்தின் வேலை சில நாளுக்குக் கெடும். குளோரெல்லா என்ற பாசிக்கும், ஆவோஜிரு என்ற பச்சிலைச் சாற்றுக்கும் இதே விதி.

பி1 குறைபாடெல்லாம் அந்தக் காலத்துக் கதைதானே?

பெரும்பாலும் ஆம். தீட்டிய வெள்ளரிசியால் வந்த பெரிபெரி, அதாவது பி1 குறைவால் நரம்பும் இதயமும் கெடும் நோய், ஜப்பானை உலுக்கியது. 1882-83-இல் ரியூஜோ என்ற பயிற்சிக் கப்பலில் 376 பேரில் 169 பேருக்கு நோய், 25 பேர் இறந்தார்கள். கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ, உணவை மாற்றி 1884-இல் சுகுபா கப்பலை அதே தடத்தில் அனுப்பினார். ஒருவரும் இறக்கவில்லை. புரதக் குறைவே காரணம் என்று அவர் தவறாக நினைத்திருந்தார், ஆனால் வைத்தியம் பலித்தது. தரைப்படை அவரைக் கேட்கவில்லை; ரஷ்யப் போரில் சுமார் 27,000 வீரர்கள் பெரிபெரியால் மடிந்தார்கள். மேலே டி ஆய்வில் வந்த ஜிகேய் பல்கலைக்கழகத்தின் நிறுவனர் இவர்தான்.

1970-களில் உடனடி நூடுல்ஸும் குளிர்பானமுமாக வாழ்ந்த இளைஞர்களிடம் அது மறுபடி தலைகாட்டியது. இன்று நடுவயதில் கவனிக்க வேண்டியவர்கள், சாப்பாட்டைக் குறைத்து மதுவை ஏற்றுகிறவர்கள்.

ஃபோலேட் எல்லாருக்கும் ஒரே அளவு போதுமா?

மரபணு குறுக்கே வரும். ஃபோலேட்டை உடல் பயன்படுத்த உதவும் எம்.டி.எச்.எஃப்.ஆர். என்ற நொதியின் வேகம் குறைந்த டி.டி. (TT) மரபணு வகையினர் ஜப்பானில் ஏழெட்டுப் பேருக்கு ஒருவர் வரை இருக்கிறார்கள். இவர்கள் மற்றவர் சாப்பிடும் அளவே சாப்பிட்டாலும் ரத்தத்தில் ஃபோலேட் குறைவாகவும், ரத்தக் குழாய்க்குக் கேடு என்று கருதப்படும் ஹோமோசிஸ்டீன் கூடுதலாகவும் இருக்கும்.

சைதாமா மாகாணத்துச் சாகடோ நகராட்சி, ககாவா சத்துணவுப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 2006-இல் ஒரு திட்டம் தொடங்கியது. விருப்பமுள்ளவர்களுக்கு மரபணுவும் ரத்தமும் பார்த்துச் சொல்லி, 240-க்குப் பதில் 400 மைக்ரோகிராமை இலக்காக வைத்தார்கள். அமெரிக்காவைப் போல மாவில் ஃபோலிக் அமிலம் கலப்பதை ஜப்பான் கட்டாயமாக்கவில்லை. பச்சைக் காய்கறியும், கொஞ்சம் செஞ்சா என்ற பச்சைத் தேநீரும்தான் அங்கே வழி.

பி12, ஈ பத்தி ஒண்ணும் சொல்லலையே?

ஈ-யில் ஒரு விஷயம் போதும்: அது ரத்தக் கொழுப்போடு சேர்ந்து பயணிக்கிறது. கொலஸ்ட்ரால் அதிகமுள்ளவருக்கு ஈ-யும் அதிகமாகத் தெரியும். கொழுப்போடு விகிதம் பார்க்காமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

பி12 அங்கே உணவில் ஏராளம்: மட்டி, மீன், நோரி என்ற கடற்பாசி. சராசரி 6 மைக்ரோகிராமை ஒட்டி வருகிறது. குறை வந்தால் அது வயிற்றுக் கோளாறாக இருக்கும். ஹெலிகோபாக்டர் என்ற பாக்டீரியாத் தொற்றால் இரைப்பைச் சுவர் மெலிந்துபோனவர்களுக்கு அமிலம் குறைந்து உறிஞ்சுதல் கெடும். மூத்த தலைமுறையில் இது மிக அதிகம், இப்போது நாற்பதில் இருப்பவர்களிடம் குறைவு. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினும் நீண்டகால அமிலக் குறைப்பு மாத்திரையும் பி12-ஐ இறக்கும்.

நான் டோக்கியோவுல ஐ.டி. வேலை, வயசு 44, சுத்த சைவம். எனக்கு இதுல எது பொருந்தும்?

டி-யும் பி12-உம். மீனும் இல்லை, நம் தோல் நிறத்துக்கு அதே அளவு டி உண்டாக ஜப்பானியரைவிடக் கூடுதல் வெயிலும் வேண்டும். ஜப்பானில் பாலில் பொதுவாக டி சேர்ப்பதில்லை. டி3 மாத்திரை பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வருவது. அது வேண்டாமென்றால் பாறையிலும் மரத்திலும் படரும் லைக்கனிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது. மேல்வரம்பு நாளுக்கு 100 மைக்ரோகிராம், அதாவது 4,000 அலகு.

பி12-க்குப் பாலும் தயிரும் உதவும். நோரியில் இருப்பது உண்மையான பி12. ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி உடலுக்குப் பயன்படாத போலி வகை, அதை நம்ப வேண்டாம். சூப்பில் கட்சுவோபுஷி என்ற உலர்மீன் சாறு இருக்கும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கம்பெனி செக்கப்புல இதெல்லாம் வந்துடும்ல?

வராது. 2008 முதல் 40-74 வயதினருக்கு நடக்கும் சிறப்புப் பரிசோதனை இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் இவற்றைப் பார்க்கும். வைட்டமின் பட்டியலில் இல்லை. எலும்பு மெலிவு போன்ற நோய்க்காக மருத்துவர் எழுதினால் டி-க்குக் காப்பீடு உண்டு, வெறும் ஆவலுக்கு என்றால் உங்கள் கைக்காசு.

எடுப்பதானால் 25-ஹைட்ராக்சி என்று கேட்டு எடுங்கள். 1,25-டைஹைட்ராக்சி வேறு, அது டி குறைந்திருக்கும்போதும் இயல்பான அளவையே காட்டக்கூடும். முடிக்கும் நகத்துக்கும் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள், சில வகைச் சோதனைகளின் எண்ணையே அது கெடுக்கும். ஒரே ஒரு தடவைதான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் பிப்ரவரி, மார்ச்சில் எடுங்கள், அப்போதுதான் டி அடிமட்டத்தில் இருக்கும். செப்டம்பரில் 24 வந்ததைப் பார்த்து நிம்மதியாக இருந்தவர் மார்ச்சில் 15-ஐப் பார்க்க நேரலாம். நாளை மற்றோர் ஆண்டின் முடிவோடு ஒப்பிட, எடுத்த மாதத்தையும் எந்த முறையில் அளந்தார்கள் என்பதையும் தாளிலேயே எழுதி வையுங்கள்.